இரண்டு மூடி அரிஷ்டம்

என் பெண் விமானம் ஓட்டுகிறாள். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. உத்திரமேரூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், "உனுக்கு எத்தினி புள்ளைங்க, இன்னா பண்றாங்க?" என்று கேட்டால், "பையன் செங்கல்பட்டுல கீறான், பொண்ணு மெட்ராஸ்ல வேலை செய்யிது" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். விமானம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். பயமா இருக்காதா, மேலே சோறு போடுவாங்களா, உங்களுக்கெல்லாம் டிக்கெட் ஓசியா என்று கேள்வி மேல் கேள்வி வரும். பெருநகர் ஸ்டாப் வருவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிடும்.

எனக்கும் சேர்த்துப் பேச அக்கா இருந்தார். கூடப் பிறந்த அக்கா இல்லை, என் ஓரகத்தி. வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அடுத்த வீடு. நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். அவருக்குப் பிள்ளை இல்லை, என் பிள்ளைகளைத்தான் தூக்கி வளர்த்தார். வானத்தில் எந்த விமானம் போனாலும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "தோ, எங்க வூட்டுப் பொண்ணு போறா பாரு" என்பார். துபாய்க்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும் எல்லா விமானத்தையும் எங்கள் பெண்தான் ஓட்டினாள். சில நாள் ஒரே நேரத்தில் இரண்டு போகும். அப்போதும் அக்கா சளைக்க மாட்டார். "முன்னாடி போறது அவ" என்பார்.

அவள் படிப்புக்காக ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை விற்றோம். நல்ல நிலம், இரண்டு போகம் விளையும். விற்ற மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர் வழக்கம்போல மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு முனை வரைக்கும் போனார். அப்புறம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பி வந்து, "இன்னா நாஷ்டா?" என்று கேட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டு இட்லி கூடவே வைத்தேன்.

வேலை கிடைத்த பிறகு அவள் எங்களோடு பொங்கல் கொண்டாடினது குறைவு. தீபாவளிக்கு ஊரெல்லாம் வீட்டுக்கு வரும். அவள் அவர்களைக் கொண்டுவந்து விடுகிற வேலையில் இருப்பாள். அண்ணன் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடித்த பிறகு வந்து, பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். பெண் பார்க்க வந்தவர்கள் வேலை நேரத்தைக் கேட்டுவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அவர்களுக்கு இன்னும் நல்ல நாள் அமையவில்லை.

சாப்பாட்டிலும் மருந்திலும் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஆயிரம் கட்டுப்பாடு. தலைவலி என்றால் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிப் போட முடியாது. எது போட்டாலும் அவர்களுடைய டாக்டரைக் கேட்கவேண்டும். வாய் கொப்பளிக்கிற மருந்துகூட ஆகாது. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும், காஞ்சிபுரம் ரோட்டில் போலீஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஊதச் சொல்கிறார்களே, அதே மாதிரி. இதை முதலில் கேள்விப்பட்டபோது என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எம் பொண்ணையா ஊதச் சொல்றானுங்க? அவ பனங்கள்ளு வாசனைகூடப் பாத்ததில்லையே!"

"எல்லாரும்தான் நைனா ஊதணும். எனுக்கு மேல கீறவங்களும் ஊதணும்" என்று அவள் சிரித்தாள்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அவள் விமானத்தில் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அது துணை விமானியின் இடம். தோளில் மூன்று கோடு. இடது பக்கம் உட்காருகிறவர்தான் கேப்டன். அவருக்கு நாலு கோடு. அந்த நாலாவது கோட்டுக்காக வருஷக்கணக்கில் ஓட்டி, படித்து, பயிற்சி எல்லாம் முடித்துவிட்டாள். கடைசியாக ஒரு பரீட்சை. பரீட்சை வைக்கிற பெரிய விமானி கூடவே உட்கார்ந்து, இவள் ஓட்டுவதைப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும். அந்தப் பரீட்சைக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தாள். ராத்திரி சாப்பாட்டை முடித்துக்கொண்டு காரில் மெட்ராஸ் போய், கொஞ்ச நேரம் தூங்கி, விடியற்காலையில் விமானம்.

வந்தவளுக்கு வயிறு சரியில்லை. வெளியில் சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளாமல் உப்புசமாக இருந்தது. மத்தியானம் மோர் சாதம்கூட வேண்டாம் என்றுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே அக்காவுக்கு இது தெரிந்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் சுவர் மேலேயே ஒரு டம்ளரை நீட்டினார்.

"இந்தா கண்ணு, சுக்கும் ஓமமும் போட்ட கஷாயம். மூக்கைப் புடிச்சிக்கினு ஒரே மடக்கா குடி."

சுக்கு, ஓமம் எல்லாம் அவள் சின்ன வயதிலிருந்து குடிப்பதுதானே. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"தொண்டையில சுர்ருனு எறங்குதா?" அக்காவுக்கு ஒரே பெருமை. "எறங்கும். சொம்மா கஷாயம்னா நெனச்ச? ரெண்டு மூடி அரிஷ்டம் ஊத்திக் கீறேன்."

என் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"பெரிம்மா, இன்னா ஊத்தின?"

"அரிஷ்டம்டி. உத்திரமேரூர்ல நாட்டு மருந்து கடை பாய்கிட்ட வாங்கினது. புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறது. கொயந்தைங்களுக்கே குடுப்பாங்க. காலையில பாரு, கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

அவள் டம்ளரைச் சுவர் மேலேயே வைத்தாள். அப்புறம் எங்களுக்குச் சொன்னாள். அரிஷ்டத்தை மாதக்கணக்கில் ஊறப் போடுவதால் அதற்குள் தானாகவே கொஞ்சம் சாராயச் சத்து உண்டாகிவிடுமாம். பயிற்சியிலேயே பெயர் சொல்லி எச்சரித்திருக்கிறார்களாம். விமானம் ஏறுவதற்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அந்தச் சத்து ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. விடியற்காலை விமானத்துக்கு இன்னும் அவ்வளவு நேரம்கூட இல்லை.

"சாராயமா?" அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் உனுக்குச் சாராயம் குடுத்தனா? உங்க ஆயா ஒவ்வொரு பேறுகாலத்துக்கும் குடிச்சாங்களே, அவங்க குடிகாரியா? உங்கம்மா குடிச்சா! கேளு அவள!"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். "இவ்ளோதானா? மருந்துதானே. போய்ப் பட்த்து எந்திரி, காலையில ஒண்ணும் இருக்காது. ரெண்டு மூடிக்கு எவனாவது பரீட்சைய வுடுவானா?"

அவள் ஒரு சிநேகிதிக்கு போன் செய்தாள். அந்தப் பெண்ணும் விமானம் ஓட்டுகிறவள். பேசிவிட்டு வந்து அவளே சொன்னாள்: "அவளும் அத்தயேதான் சொல்றா. விடியறதுக்குள்ள மெஷின்ல ஜீரோதான் காட்டும், யாருக்குத் தெரியப் போவுது, வாய மூடிக்கினு வான்றா."

"அந்தப் பொண்ணுக்கு அறிவு கீது" என்றார் அவர்.

"ஜீரோ காட்டும்னு எனுக்கும் தெரியும் நைனா. நான் எல்லா ரூலையும் ஒயுங்கா பண்றேன்னு காட்றதுக்குத்தான் நாளைக்குப் போறேன். போற வழியிலயே ஒண்ணை ஒடைச்சிட்டுப் போனா, அது இன்னா பரீட்சை? ஏறதுக்கு முன்னாடி நான் சரியா கீறேன்னு நானேதான் சொல்லணும். இன்னான்னு சொல்றது?"

"அதுக்குன்னு? ஒரு நாள் தவறினா அப்பால எப்ப கூப்புடுவாங்க?"

"தெரியாது. அடுத்தவங்க கீறாங்க வரிசையில. மாசக்கணக்குல ஆவும். கூப்புடாமயும் போவலாம்."

அவர் ஏரிப் பக்கம், விற்ற நிலம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவளுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னாம்மா சொல்ற?"

இந்த மாதிரி கேள்வியெல்லாம் என்னிடம் யாரும் கேட்பதில்லை. எனக்கு நிறையச் சொல்லத் தோன்றியது. போயேன் கண்ணு என்றும் தோன்றியது, வேண்டாம் என்றும் தோன்றியது. அவ்வளவு பேரை ஏற்றிக்கொண்டு போகிறவள் அவள். மேலே வானத்தில் என்ன நடக்கிறதென்றே எனக்குத் தெரியாது. கடைசியில், "பேசறதுன்னா பேசிட்டு வா. சோறு ஆறிக்கினு கீது" என்றேன்.

எங்கள் வீட்டுக்குள் பாதி நேரம் போனில் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்கும். ஆபீசுக்குப் பேசவேண்டுமே என்று அவள் மொட்டை மாடிக்குப் போனாள். பொழுது சாயும் நேரமா, ஒவ்வொரு மாடியிலும் ஆள் இருந்தார்கள். ஒருத்தி காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள், ஒருவர் மிளகாயை வாரிக்கொண்டிருந்தார். போனில் அந்தப் பக்கம் பேசினவர் தமிழ்க்காரர் போலிருக்கிறது, காதும் மந்தம் போலிருக்கிறது. இவள் கத்தினாள்.

"ஆமா சார், குடிச்சிட்டேன் சார்! ... இல்ல சார், இப்பதான் குடிச்சேன்! ... ஆல்கஹால் சார், ஆல்கஹால்! ... வீட்லதான் சார்! ... பெரியம்மா ஊத்திக் குடுத்தாங்க சார்!"

துணி எடுத்தவள் துணியை விட்டுவிட்டாள்.

அவள் இறங்கி வந்து, "நாளைக்கு வேணாம்னுட்டாங்க. எழுதித் தரணுமாம். காரை வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள். தட்டை எடுத்து வைத்தேன். சாப்பிட்டாள். வயிற்று உப்புசம் போய்விட்டிருந்தது. அக்காவின் மருந்து அந்த மட்டும் வேலை செய்தது.

மறுநாள் நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனபோது ஊருக்கே தெரிந்திருந்தது. நடந்தது நடந்தபடியே தெரிந்திருந்தால் பரவாயில்லை. பைலட் பொண்ணு தண்ணி போட்டுவிட்டு வேலைக்குப் போகவில்லை, பெரியம்மாவே கூட உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தாள் என்று ஆகியிருந்தது.

"இன்னா சின்னம்மா, ஊதிட்டு வந்து பாலை ஊத்து" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, "வுடுடி, மெட்ராஸ்ல இதெல்லாம் சகஜம்" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"குடிச்சா. தெரியாம குடிச்சா. தெரிஞ்சதுக்கப்புறம் போவலை" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. வாளியைத் தொப்பென்று வைத்ததில் பால் கொஞ்சம் சிந்தியது. பால் அளக்கிறவர், "சிந்தினது போவட்டும், மிச்சத்த ஊத்தும்மா" என்றார்.

பேஜார் அதோடு முடியவில்லை. அந்த வாரத்திலேயே ஊரில் இருக்கிற ஆம்பளைகளுக்கெல்லாம் வயிறு உப்ப ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொருவராக அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"பெரிம்மா, மூணு நாளா செரிக்கவே இல்ல. அந்தப் பொண்ணுக்குக் குடுத்தியே, அதே மருந்து ரெண்டு மூடி..."

"பெரிம்மா, எனுக்கு ரெண்டு மூடி பத்தாது, பெரிய ஒடம்பு."

அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். "கட்டையில போறவனுங்களா! எங்க மாமியா காலத்துலேர்ந்து கொயந்தைங்களுக்கு மருந்து குடுக்கற வூடுடா இது! சாராயக்கடைன்னு எய்திப் போட்டுக் கீதா வாசல்ல?" ஓடினவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டார். பெரிய மனிதர், பஞ்சாயத்தில் எல்லாம் பேசுகிறவர்.

அக்கா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்ல வேண்டியதைத் தன் ஆட்டிடம் சொன்னார். "கேட்டியா, இந்த வூட்ல கஷாயம் குடுத்தாக்கூட கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்லிடுவாங்களாம். உனுக்குத் தழை போடறன், போலீசுக்குச் சொல்லிடாத." ஆடு தின்றுகொண்டே இருக்கும். வானத்தில் விமானம் போனால் அண்ணாந்து பார்க்காமல் குனிந்து வாசலைப் பெருக்குவார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் பெண் எழுதிக் கொடுத்தாள். மேலே இருக்கிறவர்கள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பரீட்சை தள்ளித் தள்ளிப் போனது. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் கேப்டன் ஆகிவிட்டார். அவர் இடது பக்கம் உட்கார, இவள் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டினாள். "அவனை சார்னு கூப்பிடறியா?" என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். "கேப்டனாச்சே நைனா, கூப்பிடணும்" என்றாளாம். "கோடு இன்னும் மூணுதானா?" என்பார் ஒவ்வொரு தடவையும். மூணுதான் என்பாள். போனை வைத்த பிறகு அவர் தனக்குள்ளேயே மூணு, மூணு என்று சொல்லிக்கொள்வார். நானும் சில நாள் சமைத்துக்கொண்டே நினைத்திருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் இந்நேரம் ஆகியிருக்குமே என்று. நினைப்புதானே, அது வந்துவிட்டுத்தான் போகும்.

அடுத்த முறை வந்தபோது அவள் எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிறவள் மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

"எம் மேல கோவமா பெரிம்மா?"

"கோவப்பட நான் யாரு? சாராயம் ஊத்திக் குடுத்தவ. உங்க ஆபீஸ்ல எம்பேரை எய்திக் குடுத்திருப்பியே."

"இல்ல பெரிம்மா. இன்னா ஏதுன்னு கேக்காம நான் குடிச்சேன், தப்பு என்னுதுன்னு எய்திக் குடுத்தேன். கேக்கறது எம் வேலை. நீ எனுக்கு நல்லதுதானே நெனச்ச."

அக்காவின் குரல் பழைய அளவுக்கு எழும்பியது.

"இன்னாத்துக்குடி அப்டி எய்தின? ஊத்தினவ நானு! உம் மேல இன்னா தப்பு? எம்பேரைப் போட்டு எய்தறதுதானே! கூப்புடு அந்த ஆளுங்கள, நான் வந்து சொல்றேன். அந்த ஏர்போர்ட்டுக்கு எந்த பஸ்ஸு போவுது?"

அக்காவை உட்காரவைத்துச் சமாதானப்படுத்த அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் நிறைய நேரமும் பிடித்தது. அன்று சாயங்காலமே அக்கா சுவரைத் தாண்டி என்னிடம், "உம் பொண்ணு பைத்தியம்டி" என்றார். என்னோடு பேசிவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு வழியாக மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறை அவள் பரீட்சைக்கு முன்னால் வீட்டுப் பக்கமே வரவில்லை, அதுவும் நல்லதுதான். முடித்துவிட்டாள். போனில் அவள் சொன்னதும் வீட்டுக்காரர் "நாலா?" என்று கேட்டார். "நாலு நைனா" என்றாள். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

கேப்டன் ஆன பிறகு முதல் தடவையாக வந்தபோது, அவளுக்குக் கீரைக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "எடம் மாறி உக்காந்தது எப்டி கீது?" என்று கேட்டேன்.

"எல்லாம் அதேதாம்மா. திட்டு மட்டும் நேரா எனுக்கு வருது" என்றாள். அதற்கு முந்தின வாரம் நடந்ததைச் சொன்னாள். ஜனங்கள் ஏறி உட்கார வேண்டிய நேரம். அவளோடு வலது பக்கம் உட்கார வேண்டியவர் வந்து தயங்கித் தயங்கி நின்றிருக்கிறார். சளி பிடித்திருந்ததால் வீட்டில் ஒரு மாத்திரை கொடுத்தார்களாம். போட்டுக்கொண்டு வந்த பிறகுதான், அது தூக்கம் வரவழைக்கிற மாத்திரை என்று தெரிந்ததாம். அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். இவள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வேறு ஆள் வந்து சேருகிற வரைக்கும் விமானம் நின்றது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து திட்டினார்களாம். ஒரு அம்மா, பொம்பளை ஓட்டினா இப்படித்தான் என்று இவள் காதில் விழவே சொன்னாராம்.

"அந்தப் புள்ளய நீ திட்டலையா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கும்மா திட்டணும்? அவனா வந்து சொன்னானே" என்றாள். "கொயம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து."